தூசி விழாத சமையலறை

பம்பாய் செம்பூரில் அந்தப் பதினான்காவது மாடி வீட்டுக்கு நுஸ்ரத் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றரை. அக்டோபர் வெயில் மண்டையைப் பிளந்தது. கீழே வாட்ச்மேன் நோட்டை நீட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, எல்லா நாளும் சொல்வதையே அன்றைக்கும் சொன்னான். இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை சத்தம் கூடாது. டிரில் கூடாது, சுத்தியல் கூடாது, கட்டர் அறவே கூடாது. பில்டிங்கில் பெரியவர்கள் கண் அசரும் நேரம். சும்மா பார்த்துவிட்டுப் போகத்தான் வந்தேன் என்று ஹிந்தியில் சொல்லிவிட்டு அவள் லிஃப்ட்டில் ஏறினாள்.

கதவைத் திறந்த சங்கரேஸ்வரி சிரிக்கவில்லை. அதுவே அதிசயம். மார்க்கெட்டில் மசாலாக் கடை வைத்திருக்கும் அந்த அம்மாள், யாரைப் பார்த்தாலும் வாய் நிறையச் சிரித்து, காப்பி குடிக்கியளா என்று கேட்டுவிட்டுத்தான் மற்றதைப் பேசுவாள்.

"வாங்க. வந்து நீங்களே ஒங்க கண்ணால பாருங்க," என்று முன்னால் நடந்தாள்.

சும்மா சொல்லக் கூடாது, அந்தச் சமையலறை அவ்வளவு அழகு. அடர்பச்சைக் கதவுகள், அவற்றில் பித்தளைக் குமிழ்கள். சுவருக்குச் செம்மண் நிறம். தரையில் கறுப்பும் வெள்ளையுமாகப் பூப்போட்ட ஓடு. ஜன்னலை ஒட்டி உட்கார்ந்து கீரை ஆய மெத்தை போட்ட ஒரு பெஞ்சு. ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே வரிவரியான கண்ணாடியில் இழுவைக் கதவு. எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டு சுவரையும் ஒட்டி ஓடும் கன்னங்கரேலென்ற குவார்ட்ஸ் மேடை. போன நவம்பரில் வேலை முடித்துப் படம் போட்டபோது போனில் வந்து குவிந்த பாராட்டைப் பார்த்து நுஸ்ரத்துக்கே மூச்சு முட்டியது. அதைப் பார்த்துத்தான் அடுத்த பத்து வீடு கிடைத்தது.

அந்தக் கறுப்பு மேடைமேல் வெள்ளையாகப் பொடி படிந்து கிடந்தது.

"நேத்து மத்தியானம் விழுந்தது. ஒங்களுக்குக் காட்டணும்னுதான் துடைக்காம வச்சிருக்கேன்," என்றாள் சங்கரேஸ்வரி. "தெனம் இதே கததான். காலையில தொடச்சா பளபளன்னு இருக்கு. ரெண்டு மணிக்கு மேல வந்து பாத்தா இந்தக் கோலம். மாவோன்னு நாக்குல வச்சுப் பாத்தேன். நறநறங்குது. தூசியே விழாதுன்னுல்லா சொன்னிய?"

"மேல சீலிங்ல எங்கயாச்சும் கீறல் விட்டிருக்கும் அக்கா. எத்தன நாளா இப்படி?"

"ஆடி மாசத்துல இருந்து."

அந்த மாதத்தின் பெயரைக் கேட்டதும் நுஸ்ரத் சீலிங்கிலிருந்து பார்வையை இறக்கினாள்.

"நான் கடைக்குப் போவணும். நாலு மணி மட்டும் நீங்களே இருந்து பாத்துருங்க," என்று சங்கரேஸ்வரி சாவியை மேடைமேல் வைத்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றவள் குரலைத் தாழ்த்தினாள். "இன்னொண்ணு சொல்லுதேன், சிரிக்கப்பிடாது. அந்த ரெண்டு மணி நேரமும் இங்கன ஆரோ படுத்துக் கெடக்க மாரி இருக்கு. மூச்சு வுடுத சத்தம் கேக்கு. வேலைக்கு வந்த பொண்ணு பயந்து நின்னுட்டா. நான் மட்டும் எத்தன நாளைக்கு சாமி படத்தப் பாத்துக்கிட்டே சமைக்கது?"

கதவு சாத்திக்கொண்டது.

நுஸ்ரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். தாராவியில் பிறந்தவள். வாப்பா மேலப்பாளையத்திலிருந்து வந்து தோல் பை தைக்கிற பட்டறை போட்டவர். ஒரே அறையில் அடுப்புக்குப் பக்கத்தில் பாய் விரித்துத் தூங்கி வளர்ந்த பிள்ளை, இன்றைக்குப் பம்பாயில் வசதியானவர்களுக்கு அடுப்படி வடிவமைத்துக் கொடுக்கிறாள் என்றால் சும்மாவா? கெட்டிக்காரி. அதில் இரண்டு பேச்சே கிடையாது. மற்ற கான்ட்ராக்டர்கள் வேலை முடித்துப் போனால் வீட்டுக்காரர்கள் ஒரு மாதம் தூசி துடைப்பார்கள். நுஸ்ரத் போனால் சோபாவைக்கூட மூட வேண்டாம். விசிட்டிங் கார்டிலேயே அச்சடித்திருந்தாள்: உங்கள் வீட்டில் ஒரு தூசி விழாது.

அது எப்படி விழாமல் இருக்கும்? குவார்ட்ஸ் என்பது கல்லை மாவாக்கிப் பசை சேர்த்து அழுத்திய பலகை. சிங்க்குக்கும் அடுப்புக்கும் அதில் ஓட்டை வெட்டினால் மாவு புகையாகப் பறக்கும். தண்ணீர் விட்டுக்கொண்டே வெட்டினால் பறக்காது. ஆனால் சேறு ஓடி ஹாலில் போட்ட மரத்தரை பாழாகும். கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் வெட்ட, சோசைட்டி என்கிற குடியிருப்போர் சங்கம் விடாது. மான்குர்த்தில் பட்டறைக்கு அனுப்பி வெட்டி வாங்கலாம், ஆனால் இரண்டு நாள் கூடுதலாகும். அந்த இரண்டு நாள் பொறுக்க அவளுக்கு மனசு வரவில்லை.

அதற்கு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். கல்லையும் ஆளையும் சமையலறைக்குள் விடுவாள். ஜன்னலை அடைப்பாள். வாசலில் தடித்த பிளாஸ்டிக் தாளைத் தொங்கவிட்டு நாலு ஓரமும் டேப் ஒட்டுவாள். வெளியிலிருந்து, தன் கையாலேயே. உள்ளே தண்ணீர் இல்லாமல் வெட்டு நடக்கும். ஹாலில் ஒரு துளி தூசி இருக்காது.

இரண்டு மணி ஆனால் கட்டரை நிறுத்த வேண்டும். ஆனால் டேப்பை ஒரு தடவை பிரித்தால் உள்ளே மிதக்கும் அவ்வளவும் ஹாலுக்கு வந்துவிடும். அதனால் பிரிக்க மாட்டாள்.

"உள்ளயே ஒரு தூக்கம் போடுங்க அண்ணாச்சி. நாலு மணிக்குப் பொறவு மிச்சத்த வெட்டிக்கிடலாம்," என்பாள்.

உள்ளே இருந்தவர் பிச்சை. தாராவியில் அவளுடைய தெருவுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தவர். வெட்டில் நூல் பிசகாது. அவரைக் கூடப்பிறந்த அண்ணனாகவே நினைப்பதாக நுஸ்ரத் எல்லோரிடமும் சொல்வாள். அவரும் அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். தூசிக்கு நடுவே தரையில் துண்டை விரித்து, முழங்காலை மடக்கிப் படுத்துக்கொள்வார். இடையில் ஒரு தடவையோ இரண்டு தடவையோ பிளாஸ்டிக்குக்குப் பின்னாலிருந்து மெல்லக் கேட்பார்.

"நாலு மணி ஆயிட்டா தங்கச்சி?"

"இல்ல அண்ணாச்சி. இன்னும் நேரம் கெடக்கு."

ஆறு வருஷம் இப்படி. கடைசியாக அவர் வெட்டியது இந்தக் கறுப்பு மேடை. அதை வெட்டி முடித்து வெளியே வந்தபோது ஹாலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார், உதடு நீலம் பூத்திருந்தது. ஆடி மாதம் போய்ச் சேர்ந்துவிட்டார். நெஞ்சு முழுக்கக் கட்டிப்போய், உட்கார்ந்தபடியே.

நுஸ்ரத் ஈரத்துணியை எடுத்து மேடையை ஓரம் விடாமல் துடைத்தாள். சீலிங்கில் டார்ச் அடித்துப் பார்த்தாள். ஒரு கீறல்கூட இல்லை. அப்போதுதான் போன் அடித்தது. மாட்டுங்கா வேலையைப் பார்த்துக்கொள்ளும் தமன்னா.

"அக்கா, இசக்கி அண்ணன் உள்ள போயிட்டாரு. டேப் ஒட்டியாச்சு. பாதி வெட்டு ஹோ கயா, முடிஞ்சிருச்சு. மீதி நாலுக்கு மேலதான்."

இசக்கி என்றால் இசக்கிராஜ். பிச்சையின் தம்பி. அண்ணன் முடியாமல் படுத்ததிலிருந்து அந்தக் கட்டரை அவன்தான் எடுத்திருந்தான்.

"சரி. நாலு மணி வரைக்கும் உள்ளயே இருக்கச் சொல்லு," என்றாள் நுஸ்ரத்.

"ரொம்ப இருமுறாரு அக்கா. கொஞ்ச நேரம் வெளிய வரட்டான்னு கேக்காரு."

"வெளிய வந்தா அந்த வெள்ளை சோபா என்னத்துக்கு ஆவும்? சாயங்காலம் பார்ட்டி வராங்க. இருமல் மருந்து பையிலதான வச்சிருக்காரு, குடிக்கச் சொல்லு. டென்ஷன் பண்ணாத."

கேட்டீர்களா? ஒருத்தரைச் சுடுகாட்டில் வைத்துவிட்டு வந்து மூன்று மாதம் ஆகவில்லை. இசக்கிராஜுக்கு மூன்று வாரமாக இருமல் என்று அவளுக்குத் தெரியும். அது என்ன இருமல் என்றும் தெரியும். தெரிந்தேதான் அவள் போனை வைத்தாள்.

மணி இரண்டு.

பில்டிங் அப்படியே அடங்கியது. மேல்மாடியில் எங்கோ ஓடிக்கொண்டிருந்த டிவியும் நின்றது. வெயில் ஜன்னல் வழியாக மேடைமேல் விழுந்து பளபளத்தது. பட்டப்பகலில் என்ன பயம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நுஸ்ரத் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

முதலில் வந்தது வாசனை.

கல்லும் இரும்பும் உரசிக் கருகும் வாசனை. கட்டர் ஓடினால்தான் அது வரும். வீட்டில் கட்டர் இல்லை. எழுந்து அடுப்பைப் பார்த்தாள், அணைந்திருந்தது. ஸ்விட்சு ஒவ்வொன்றையும் மோந்து பார்த்தாள். திரும்பியபோது கண்ணாடிக் கதவு மூடியிருந்தது. தான் மூடினோமா? நினைவில்லை.

அடுத்துச் சத்தம்.

சர்ர்... புஸ்ஸ். சர்ர்... புஸ்ஸ்.

பிளாஸ்டிக் தாள் உள்ளே இழுபட்டு வெளியே உப்பும் சத்தம். அது நுஸ்ரத்துக்கு நன்றாகத் தெரியும். ஆறு வருஷம் ஹாலில் உட்கார்ந்து போனில் வண்ணம் தேர்ந்தெடுத்துக்கொண்டே கேட்ட சத்தம். கதவைப் பார்த்தாள். அங்கே கண்ணாடிதான் இருந்தது. பிளாஸ்டிக் எதுவும் இல்லை.

வெயில் பட்ட இடத்தில் காற்று வெளுத்திருந்தது.

மேலேயிருந்து ஒன்றும் விழவில்லை. காற்றே மாவாகிக்கொண்டிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுப்பு மேடை சாம்பல் நிறமானது, பிறகு வெள்ளையானது. பித்தளைக் குமிழ்கள் மங்கின. முழங்கை மடிப்பிலும் இமையிலும் பொடி படிந்தது. வாயை மூடிக்கொண்டாள். பல்லுக்கு நடுவே நறநறவென்றது.

பிறகு தரையைப் பார்த்தாள்.

பூப்போட்ட ஓடு முழுக்க வெள்ளை. ஒரே ஒரு இடம் மட்டும் வெளுக்கவில்லை. அங்கே பூவெல்லாம் துலக்கமாகத் தெரிந்தது. ஓர் ஆள் நீளம். முழங்காலை மடக்கி, ஒரு கையைத் தலைக்கு வைத்து, வாசலைப் பார்க்கப் படுத்திருக்கும் உருவம்.

அங்கே யாரும் இல்லை. தூசி மட்டும் அந்த இடத்தை விட்டு விலகி விழுந்துகொண்டிருந்தது.

"யா அல்லாஹ்," என்றாள்.

சர்ர்... புஸ்ஸ்.

மூச்சு தரையிலிருந்து வந்தது. இழுக்கும்போது நெஞ்சுக்குள் கல் உரசியது. நுஸ்ரத் சுவரோடு ஒட்டி நின்றாள். நகர்ந்தால் மிதித்துவிடுவோமோ என்று பயம். யாரை மிதிப்பது? அதை நினைக்க அவளுக்குத் தைரியம் இல்லை.

பூவின் மேல் பொடி விழ ஆரம்பித்தது.

முதலில் தலை இருந்த இடம் வெளுத்தது. பிறகு தோள். பிறகு இடுப்பு.

எழுந்துகொண்டிருந்தார்.

கடைசியில் இரண்டு பாதம் அளவுக்கு மட்டும் பூ தெரிந்தது. அந்தப் பாதங்கள் வாசலைப் பார்த்து நின்றன. பிறகு ஒவ்வொன்றாக இடம் மாறி, அவளைப் பார்த்துத் திரும்பின.

நுஸ்ரத் ஓடிப்போய்க் கண்ணாடிக் கதவை இழுத்தாள். ஒரு விரலால் தள்ளினால் ஓடும் கதவு அது, அவளே ஜெர்மன் தண்டவாளம் போட்டுப் பொருத்தியது. அசையவில்லை. தோளால் இடித்தாள். உள்ளங்கையில் கண்ணாடி குளிர்ச்சியாக இல்லை, வழவழவென்று தொய்ந்து கொடுத்தது. மூச்சை இழுத்தால் பாதிதான் உள்ளே போனது. இருமினாள். இருமிய வாயில் வெள்ளைப் பொடி வந்தது.

அப்போது அவளுக்கு இசக்கிராஜ் ஞாபகம் வந்தான். இந்த நேரம் மாட்டுங்காவில், இதே மாதிரி ஒரு கதவுக்குப் பின்னால், இதே பொடியை இழுத்துக்கொண்டு கிடப்பான். அவள் இங்கே கால் மணி நேரம்கூட நிற்கவில்லை. அவனை உள்ளே கிடக்கச் சொன்னது இரண்டு மணி நேரத்துக்கு.

போனை அழுத்தினாள். அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி.

"ஹலோ அக்கா, நான் சாப்பிட்டுட்டு..."

"டேப்பைப் பிரி!"

"என்னக்கா? இப்பவா? சோபா எதையும் மூடலியே, பூரா தூசி..."

"சோபா நாசமாப் போவட்டும்! பிரிடீ! அவரை வெளிய இழு! சன்னலெல்லாம் தொற!"

மறுமுனையில் டேப் கிழிபடும் சத்தம் நீளமாகக் கேட்டது. யாரோ இருமினார்கள். அடிவயிற்றிலிருந்து வந்த இருமல். தமன்னா "அண்ணே, அண்ணே" என்று கூப்பிட்டாள். இணைப்பு அறுந்தது.

இங்கே எதுவும் மாறவில்லை. கதவு திறக்கவில்லை. பொடி விழுந்துகொண்டே இருந்தது. பாதங்கள் அவளுக்கு ஒரு முழம் தள்ளி நின்றன.

பிடரியில் சூடாக மூச்சுப் பட்டது.

"நாலு மணி ஆயிட்டா தங்கச்சி?"

கோபம் இல்லை அந்தக் குரலில். அதுதான் கொடுமை. ஒரு வசவு, ஒரு சாபம், கழுத்தில் ஒரு பிடி, எதுவாக இருந்தாலும் அவள் தாங்கியிருப்பாள். பழைய அதே பணிவோடு, உத்தரவு கேட்கிற குரலில் கேட்டார். நுஸ்ரத் உடைந்துபோனாள். கண்ணாடியில் நெற்றியை வைத்து ஓவென்று அழுதாள்.

"ஆயிட்டு அண்ணாச்சி," என்றாள். "எப்பவோ ஆயிட்டு. நாந்தான் சொல்லல. வெளிய வாங்க. வாங்க அண்ணாச்சி, வந்துருங்க."

கதவு ஒரு விரல் தள்ளியது போல ஓடித் திறந்தது.

அவள் ஹாலில் போய் விழுந்தாள். வெகு நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தபோது மணி இரண்டே முக்கால். சமையலறை வெயிலில் மின்னியது. தரையில் ஒரு பொட்டுத் தூசி இல்லை.

அன்று இரவு அவள் தூங்கவில்லை. மறுநாள் காலை இசக்கிராஜை சயானில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவதாகச் சொல்லியிருந்தாள். கூட்டிப் போவது பெரிதில்லை, அங்கே என்ன சொல்வது என்பதுதான் கேள்வி. ஏனென்றால் அவள் ஏற்கெனவே ஒரு முறை அந்த ஆஸ்பத்திரியில் ஒரு பதில் சொல்லியிருந்தாள்.

பிச்சையைச் சேர்த்த அன்றைக்கு, அவர் மனைவி ஆறுமுகத்தாய் மருந்து வாங்கப் போயிருந்தாள். மூக்கிலும் வாயிலும் ஆக்சிஜன் மாட்டியிருந்த பிச்சையால் பேச முடியவில்லை. டாக்டர் நுஸ்ரத்திடம்தான் கேட்டார். என்ன வேலை? கல் வெட்டுகிறாரா?

"இல்ல டாக்டர். கிச்சன் ஃபிட்டிங். ஸ்க்ரூ முடுக்குவாரு, அவ்வளவுதான்."

புகை பிடிப்பாரா?

"பீடி குடிப்பாரு. நெறைய."

வாழ்நாளில் ஒரு பீடியைக் கையால் தொடாத மனிதர். கட்டிலில் கிடந்தபடி அவளைப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். கேஸ் பேப்பரில் பீடி என்று எழுதினார்கள், டிபிக்கு மருந்து கொடுத்தார்கள். உண்மை தெரிந்திருந்தால் பிழைத்திருப்பாரோ என்னவோ. இன்னும் கொஞ்ச காலமாவது இருந்திருப்பார். அதற்குப் பிறகு நுஸ்ரத் தன் ஆட்கள் எல்லோரிடமும் சொல்லி வைத்தாள். ஆஸ்பத்திரியில் கேட்டால் ஃபிட்டிங் என்று சொல்லுங்கள், கல் என்று சொன்னால் போலீஸ் கேஸ் ஆகும், எல்லோருக்கும் வேலை பந்த்.

மறுநாள் வரிசையில் நின்று உள்ளே போனபோது இசக்கிராஜோடு ஆறுமுகத்தாயும் வந்திருந்தாள். கொழுந்தனுக்குத் துணையாக. நெற்றி வெறுமையாக இருந்தது. டாக்டர் இந்தத் தடவை ஓர் இளம் பெண். ஸ்டெதஸ்கோப்பை முதுகில் வைத்து வெகு நேரம் கேட்டாள். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு ஹிந்தியில் கேட்டாள், என்ன வேலை செய்கிறாய்?

"ஃபிட்டிங்," என்றான் இசக்கிராஜ். சொல்லிவிட்டு நுஸ்ரத்தைப் பார்த்தான், சரியாகச் சொன்னேனா என்பது போல.

சரி என்று தலையாட்டினால் போதும். ஆள், தொழில், கார்டு, பாராட்டு எல்லாம் அப்படியே இருக்கும்.

"பொய்," என்றாள் நுஸ்ரத். "கல்லு வெட்டுதாரு. குவார்ட்ஸ். தண்ணி இல்லாம. பூட்டுன ரூமுக்குள்ள. பூட்டுனது நான்." முதலில் தமிழில்தான் வந்தது. பிறகு அதையே ஹிந்தியில் திருப்பிச் சொன்னாள். சொல்லச் சொல்ல நிறுத்த முடியவில்லை. "இவுக அண்ணனும் அப்படித்தான். ஆறு வருஷம். பீடி குடிச்சாருன்னு இங்கன நாந்தான் எழுத வச்சேன். அவரு குடிச்சதே இல்ல."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டாள். இசக்கிராஜ் தலையைக் குனிந்துகொண்டான்.

ஆறுமுகத்தாய் கத்துவாள், அடிப்பாள் என்று நுஸ்ரத் எதிர்பார்த்தாள். அவள் அடிக்கவில்லை. நுஸ்ரத்தின் முகத்துக்கு நேரே வந்து நின்றாள்.

"கடைசி பத்து நாளு நான் அவுகளோட மொகம் குடுத்துப் பேசல," என்றாள். "எனக்குத் தெரியாம பீடி குடிச்சு ஒடம்பக் கெடுத்துட்டியே, பிள்ளைய நெனச்சியான்னு கேட்டேன். இல்ல இல்லன்னு தலைய ஆட்டுனாக. பொய் சொல்லுதியோன்னு ஏசுனேன். சாவுத அன்னிக்கும் ஏசுனேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அத மட்டும் எனக்குத் திருப்பிக் குடுத்துருங்க நுஸ்ரத்து. வேற ஒண்ணும் வேண்டாம்."

நுஸ்ரத்துக்குத் தரையில் விழுந்து அவள் காலைப் பிடிக்கத் தோன்றியது. பிடித்தால் மட்டும் அந்தப் பத்து நாள் வருமா? நின்ற இடத்திலேயே நின்றாள்.

இசக்கிராஜின் நெஞ்சில் ஏற்கெனவே கல்தூசி படிந்துவிட்டது, ஆனால் கொஞ்சம்தான் என்றாள் டாக்டர். இன்றோடு நிறுத்தினால் பிழைப்பான். இனி ஒரு நாள்கூடக் கல்லைத் தொடக் கூடாது. பேப்பரில் கல் வெட்டும் வேலை என்று பெரிதாக எழுதி அடிக்கோடிட்டாள். பிச்சையின் பழைய பேப்பரையும் எடுத்து வரச் சொன்னாள். பிறகு நுஸ்ரத்தை மேலும் கீழும் பார்த்தாள். ஆறு வருஷம் அந்தப் பிளாஸ்டிக் தாளுக்கு வெளியே நின்றவள் நீ, நீயும் ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடு என்று சீட்டுக் கொடுத்தாள்.

எக்ஸ்ரே அறை இருட்டாக, குளிராக இருந்தது. நுஸ்ரத் துப்பட்டாவைக் கழற்றி வைத்துவிட்டு நெஞ்சைப் பலகையில் அழுத்தி நின்றாள். சொல்லிவிட்டோம் என்று ஒரு சின்ன ஆறுதல் அப்போதுதான் எட்டிப் பார்த்தது. தடித்த கண்ணாடிக்குப் பின்னாலிருந்து டெக்னீஷியன் ஹிந்தியில் சொன்னான்.

"மூச்சை நல்லா இழுங்க. அப்படியே பிடிங்க. அசையக் கூடாது."

இழுத்தாள். பிடித்தாள்.

அறைக்குள் யாரோ மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

மெஷின் ஓடவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் நாற்காலி நகர்ந்தது. கதவைத் திறந்து டெக்னீஷியன் தலையை நீட்டினான். தினம் இருநூறு பேரைப் படம் எடுத்துச் சலித்த முகம்.

"மேடம், ஒரு நேரத்துல ஒருத்தரைத்தான் எடுக்க முடியும்," என்றான் எரிச்சலாக. "உங்க தோள்ல தலையைச் சாய்ச்சிட்டு நிக்கிறாரே, அவரைக் கொஞ்சம் வெளிய போகச் சொல்லுங்க."